முதல் தடவை மொரீசியஸ் போகிறீர்களா? மலையில் இருந்து தொடங்குங்கள்

மொரீசியஸ் போகப் போகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் யார் வந்து கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கடற்கரை வடிவு? விளம்பரப் படங்கள் எல்லாம் நீலக் கடலும் வெள்ளை மணலுமாக இருந்தால் வேறு என்ன கேட்பார்கள். ஆனால் காரைநகர் கசூரினாவில் கால் நனைத்து வளர்ந்த ஆட்களுக்கு அந்தக் கடற்கரை அவ்வளவு புதிதாக இருக்காது. அங்கேயும் கரை முழுக்க அதே சவுக்கு மரம், அதே ஊசியிலைச் சருகு, அலை இல்லாத அதே ஆழங்குறைந்த தண்ணீர்.

எங்களிடம் இல்லாதது மலை. கீரிமலையில்கூட மலை பெயரில்தான் இருக்கிறது. ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறு ஒன்று. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும், கடலடியில் படிந்து எழுந்த வெள்ளை நிலம். மொரீசியஸ் அப்படியே தலைகீழ். கடலுக்கு அடியில் இருந்து வெடித்து, எரிமலைக் குழம்பு மேல் குழம்பாக உறைந்து, ஏறக்குறைய 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்கு மேலே தலை காட்டிய கறுப்பு நிலம். ஒரு யாழ்ப்பாணத்து ஆள் அங்கே பார்க்க வேண்டியது அதைத்தான். அதனால் ஆறு நாள் போகிறீர்கள் என்றால் நாலு நாளைத் தீவின் நடுப்பகுதிக்கும் தெற்குக்கும் கொடுங்கள், கடலுக்கு ஒரு நாள் போதும் என்பது என் உறுதியான கருத்து.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை தம்பி குடும்பத்தோடு, நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு செப்டெம்பரில். இரண்டாவது தடவை அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மே மாதத்தில். முதல் பயணத்தில் விட்ட பிழைகளை இரண்டாவதில் திருத்திக்கொண்டேன். நீங்கள் முதல் தடவையே சரியாகப் போய் வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எப்போது போவது

அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது, அதனால் பருவம் எங்களுக்கு எதிர்மாறு. மே முதல் ஒக்டோபர் வரை அவர்களுக்குக் குளிர்காலம், மழை குறைவு, மலையில் நடக்க நல்ல காலம். நவம்பரில் வெக்கை தொடங்கும், ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளிக் காலம். டிசெம்பர்ப் பள்ளி விடுமுறைக்குப் போகலாம்தான், ஆனால் வெயிலும் விலையும் இரண்டும் ஏறியிருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஓகஸ்ட் விடுமுறையைப் பாருங்கள். நல்லூர் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் வெளிக்கிட மாட்டார்கள், அப்படியான வீடென்றால் தீர்த்தம் முடிந்து செப்டெம்பரில் போங்கள்.

குளிர்காலம் என்றால் உண்மையாகவே குளிர்காலம். கரையில் இல்லை, நடுவில். கியூர்பிப் என்ற ஊர் 550 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கடற்கரையில் கைச்சட்டையோடு நின்றவர் ஒரு மணித்தியாலத்தில் அங்கே போய் நடுங்குவார். நுவரெலியா போகும்போது எடுக்கிற அதே சுவெட்டரையும் ஒரு மழைச்சட்டையையும் பையில் வையுங்கள்.

வெளிக்கிட முன்

யாழ்ப்பாணத்தில் இருந்து நேராகப் போக வழியில்லை. கட்டுநாயக்கா போய், மும்பாய் அல்லது துபாயில் விமானம் மாற வேண்டும். விசா விதி அடிக்கடி மாறுகிறது, எனவே ரிக்கெற் எடுக்க முன் மொரீசியஸ் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தை நீங்களே திறந்து வாசியுங்கள், முகவர் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். திரும்பி வருகிற ரிக்கெற், தங்குமிடம் பதிந்த தாள், கையில் காசு இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி, இந்த மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். இறங்க முன் இணையத்தில் நிரப்புகிற பயணப் படிவம் ஒன்று உண்டு, அதைக் கட்டுநாயக்காவில் நின்று அவசரத்தில் நிரப்பாமல் வீட்டில் இருந்தே நிரப்பிவிடுங்கள்.

அம்மாக்களுக்கு ஒரு முக்கியமான விசயம்: கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் ஒன்றையும் கொண்டுபோகாதீர்கள். செடி, பழம், விதை எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிற நாடு அது. மிளகாய்த்தூள் போத்தல் கொண்டுபோவதென்றாலும் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிக்கிற மருந்துக்கு வைத்தியரின் துண்டு கட்டாயம்.

காசு விசயத்தில் நான் முதல் நாளே தடுமாறினேன். அங்கேயும் ரூபாய்தான். ஆனால் அவர்களின் ஒரு ரூபாய்க்கு எங்கள் ரூபாயில் ஆறு ஏழு கொடுக்க வேண்டும். அன்னாசிப்பழம் 100 ரூபாய் என்றதும் மலிவாக இருக்கிறதே என்று மூன்று வாங்கிவிட்டு, அறைக்கு வந்து கணக்குப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. முதல் இரண்டு நாளும் எந்த விலையையும் ஏழால் பெருக்கிப் பாருங்கள், பிறகு பழகிவிடும்.

அந்த நோட்டைக் கையில் வாங்கியதும் ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று எழுத்தில் பெறுமதி எழுதியிருக்கும். 1998இல் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் போட்டுப் புது நோட்டு அடித்தார்கள், அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எங்கள் நோட்டிலும் தமிழ் இருக்கிறதுதான். ஆனாலும் கடல் கடந்து ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் தள்ளிப் போய், ஒரு கடையில் மிச்சக் காசாக வாங்கிய தாளில் தமிழைப் பார்க்கும்போது வருகிற சந்தோசம் வேறு.

எங்கே தங்குவது, எதில் போவது

தீவு சின்னது. நீளம் 65 கிலோமீற்றர், அகலம் 45. ஓரிடத்தில் தங்கி எல்லாப் பக்கமும் போய்வரலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாறத் தேவையில்லை. முகவர்கள் பெரும்பாலும் வடக்கில் கிராண்ட் பே பக்கம் பதிந்து தருவார்கள், கடையும் கூட்டமும் உள்ள ஊர். நான் சொல்வது மேற்குக் கரை, பிளிக் அன் பிளாக் அல்லது தாமரின். அங்கிருந்து மலைப்பகுதிக்குள் ஏற அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம்தான். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை அடித்துக்கொண்டிருக்கும், மேற்கு மலைக்குப் பின்னால் ஒதுங்கி அமைதியாக இருக்கும். சமையலறையோடு வருகிற வீடு எடுத்தால் காலையில் தேத்தண்ணியும் இரவில் சோறும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஐந்து பேர் போனால் அதுதான் இலாபம். தாமரினில் கறுப்புக் கல்லால் கட்டிய உப்பளப் பாத்திகள் இருக்கின்றன. ஆனையிறவைக் கடந்து போய்வருகிறவர்கள் கட்டாயம் நின்று பார்ப்பீர்கள்.

வாகனம் இடப்பக்கம்தான் ஓடுகிறது, எங்களைப் போலவே. சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு போய்க் கார் வாடகைக்கு எடுத்தால் செலவும் குறைவு, நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும். பஸ் மலிவு, ஆனால் பின்னேரம் ஆறு ஏழு மணிக்குப் பிறகு ஊர்ப்புறங்களில் காண முடியாது. போர்ட் லூயிஸில் இருந்து கியூர்பிப் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நான் எழுதப் போகிற இடங்களில் பாதிக்கு ரயிலும் இல்லை, பஸ்சில் போனால் நாள் முடிந்துவிடும்.

சாரதியோடு வான் பிடிக்கிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். முதல் தடவை நாங்கள் ஒருவரைப் பேசிப் பிடித்தோம். காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம். எரிமலைவாய் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் ஏறினோம், அவர் கொண்டுபோய் இறக்கியது மரக்கப்பல் பொம்மை செய்கிற கடையில். அது முடிய ஒரு நகைக்கடை. அது முடிய ஒரு துணிக்கடை. நாங்கள் எரிமலைவாயின் விளிம்பில் ஏறி நின்றபோது பன்னிரண்டு மணி, மேகம் இறங்கிவிட்டது, பத்தடி தள்ளி நின்ற மச்சாளின் முகம்கூடத் தெரியவில்லை. எனவே முதல் நாள் இரவே, கடை எதுவும் வேண்டாம், இந்த இடங்கள் இந்த ஒழுங்கில், இவ்வளவு காசு என்று எழுதிக் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். மீற்றர் பார்த்துக் காசு வாங்குகிற வழக்கம் இல்லை, ஏற முன் பேசுவதுதான் பேச்சு.

முதல் நாள்: எரிமலையின் வாய்

கியூர்பிப்பில் உள்ள துரு ஓ செர்ஃப் என்ற இடம்தான் என் முதல் தெரிவு. ஒன்பது மணிக்கு முன் அங்கே நில்லுங்கள். ஊரின் நடுவில், வீடுகளுக்குப் பின்னால் ஒரு றோட்டு வளைந்து மேலே ஏறும், ஏறி முடிந்ததும் நிலம் திடீரென்று உள்ளே விழும். ஏறக்குறைய 300 மீற்றர் அகலம், 80 மீற்றர் ஆழம், ஒரு பெரிய கிண்ணம். சரிவெல்லாம் மரம் அடர்ந்து, அடியில் சேற்றுக்குளம் ஒன்று சின்னப் பச்சைக் கண்ணாக. இப்போது அது தூங்குகிற எரிமலை, புகையும் இல்லை, சூடும் இல்லை. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது வயிற்றில் ஒன்று இழுக்குமே, அதை நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

விளிம்பைச் சுற்றி நடக்கப் பாதை இருக்கிறது, இருபது நிமிடம் போதும். பாதிச் சுற்றில் நின்று வெளிப்பக்கம் பாருங்கள். தூரத்தில் வட்டம் கட்டினாற்போல் கூர்கூராக மலைகள் நிற்கும். அவை தனித்தனி மலைகள் அல்ல. இந்தத் தீவு முதலில் ஒரே ஒரு பெரிய எரிமலையாக இருந்து, அதன் நடுப்பகுதி உள்ளே இடிந்து இறங்கி, விளிம்பு மட்டும் அங்கங்கே உடைந்து நிற்கிறது. நீங்கள் நிற்கிற சின்னக் கிண்ணம் எத்தனையோ இலட்சம் ஆண்டுகள் கழித்து அதற்குள் பிறகு முளைத்தது. இதை ஒரு தடவை மனதில் பிடித்துக்கொண்டால் அடுத்த ஐந்து நாளும் எந்த றோட்டில் போனாலும் எந்தப் பக்கம் விளிம்பு, எந்தப் பக்கம் நடு என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இறங்கி வருகிற வழியில் கரும்புத் தோட்டங்களைக் கவனியுங்கள். கரும்புக்கு நடுவில் ஆளுயரத்துக்கும் மேல் கறுப்புக் கற்களைக் கோபுரம்போல் அடுக்கி வைத்திருப்பார்கள். நிலம் முழுக்க எரிமலைக் கல், அதைப் பொறுக்கி ஒதுக்கினால்தான் கரும்பு நட முடியும், கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் தோட்டத்துக்குள்ளேயே குவித்துவிட்டார்கள். அவ்வளவும் கூலியாட்கள் கையால் தூக்கியது. அம்மா வானை நிறுத்தச் சொல்லி இறங்கினா. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இஞ்ச பார் பிள்ளை, முழுக்க ஓட்டை, வேகாத அப்பம் மாதிரி இருக்கு” என்றா. அந்த ஓட்டை ஒவ்வொன்றும் குழம்பு உறையும்போது உள்ளே அகப்பட்ட வாயுக் குமிழி. எங்கள் தோட்டங்களில் கிண்டி எடுக்கிற வெள்ளைக் கல்லிலும் ஓட்டை இருக்கும், அது மழைத்தண்ணீர் கரைத்த ஓட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடம் போகிற என் மகளுக்கு ஒரே ஆசை.

இரண்டாம் நாள்: குளமும் பள்ளத்தாக்கும்

கிராண்ட் பசான், அங்குள்ள சைவர்கள் கங்கா தலாவ் என்று சொல்கிற குளம், இதுவும் எரிமலைவாயில் தண்ணீர் நிரம்பியதுதான். 1972இல் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து கலந்தார்கள். வாசலில் 33 மீற்றர் உயரத்தில் சிவன் நிற்கிறார், எதிரில் அதே உயரத்தில் துர்க்கை. சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலையில் இருந்தும் இலட்சக்கணக்கில் நடந்தே வருவார்கள், கதிர்காமத்துக்கு நடக்கிற எங்கள் ஆட்களைப் போல. அந்தக் கிழமையில் போனால் வாகனத்தை மறந்துவிட்டு நடக்கத் தயாராகப் போங்கள். மற்ற நாளில் காலை எட்டு மணிக்குப் போனால் குளக்கரை உங்களுக்கே. முழங்கால் மூடுகிற உடுப்பு, கழற்ற வசதியான சப்பாத்து, அவ்வளவு போதும். குரங்குகள் கவனம், படைத்த வாழைப்பழத்தைத் தட்டோடு தூக்கிவிடும்.

அங்கிருந்து அதே றோட்டில் மேற்கே போனால் பிளக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா. 1994இல் பூங்காவாக அறிவித்தார்கள், தீவில் மிஞ்சியிருக்கிற இயற்கைக் காட்டில் பெரும்பகுதி இதற்குள்தான். றோட்டோரத்தில் வாகனம் நிறுத்திப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு, காட்டுப் பள்ளத்தாக்கும் அருவியும் தூரத்தில் கடலும் ஒரே பார்வையில் தெரியும். முதியவர்களோடு போனால் அது போதும். நடக்கக் கூடியவர்கள் தீவின் மிக உயரமான சிகரத்துக்குப் போங்கள், 828 மீற்றர். பயப்பட வேண்டாம், றோட்டே ஏற்கெனவே பாதி உயரத்துக்கு மேல் உங்களைக் கொண்டுவந்துவிடும், காட்டுக்குள் பெரும்பாலும் சமதரையாகப் போய்க் கடைசிப் பகுதி மட்டும் வேரையும் கயிறையும் பிடித்து ஏறுகிற செங்குத்து. போய்வர மூன்று நாலு மணித்தியாலம். காட்டில் விசப்பாம்பு இல்லை, இது எங்கள் ஆட்களுக்குப் பெரிய நிம்மதி. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், சேறு வழுக்கும்.

மே மாதத்தில் போனபோது பாதையின் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பழுத்துக் கிடந்தது சீனக் கொய்யா. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, தோலோடு வாயில் போட வேண்டும், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும். உள்ளூர்க் குடும்பங்கள் வாளியோடு வந்து பறித்து உப்பும் மிளகாயும் பிரட்டிச் சாப்பிடுகிறார்கள். இது வெளியில் இருந்து வந்து அவர்களின் சொந்தக் காட்டை நெருக்குகிற செடி, அதனால் எவ்வளவு பறித்தாலும் காட்டுக்கு நல்லதுதான். கிளையில் சின்னப் பருந்து மாதிரி ஒன்று இருந்தால் சத்தம் போடாமல் நில்லுங்கள். அது மொரீசியஸ் வல்லூறு. 1974இல் காட்டில் நாலே நாலுதான் மிஞ்சியிருந்தன, முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சு வளர்த்து விட்டு மீட்டெடுத்தார்கள்.

மூன்றாம் நாள்: சமரெல்

எல்லாரும் படத்தில் பார்க்கிற ஏழு நிற மண் இங்கேதான். படத்தில் இருப்பதைவிடச் சின்னது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், மைதானம் அளவில் ஒரு மண்மேடு, வேலிக்கு வெளியில் நின்று பார்க்க வேண்டும். ஆனாலும் போங்கள். சிவப்பு, கபிலம், ஊதா, மஞ்சள் என்று அலை அலையாகக் கிடக்கும் அந்த மண்ணில் ஒரு புல்லுக்கூட இல்லை. எரிமலைக் கல் உக்கி மண்ணாகி, கரையக்கூடியது எல்லாம் மழையில் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சியதால் வந்த நிறம். உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண்ணின் சிவப்பும் அதே இரும்புத் துருதான். எங்களுக்கு அந்த மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைகிறது, இங்கே ஒன்றும் முளைக்கவில்லை. வெயில் இருந்தால்தான் நிறம் எடுப்பாகத் தெரியும், மேகம் மூடினால் பக்கத்து அருவியைப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள். அதே நுழைவுச் சீட்டில்தான் அருவியும். சமரெல் கோப்பி அங்கேயே விளைகிறது, ஒரு கோப்பை குடியுங்கள்.

மதியத்துக்குப் பிறகு மலையில் இருந்து மேற்குக் கரைக்கு இறங்கினால் லெ மோர்ன். கடலுக்குள் நீட்டிக்கொண்டு தனியாக நிற்கிற 556 மீற்றர்ப் பாறை மலை, 2008இல் இருந்து உலக மரபுரிமை இடம். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 1835 பெப்ரவரி முதலாம் திகதி அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல மலையேறி வந்த ஆட்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, மேலே இருந்தவர்கள் குதித்து இறந்தார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அடிவாரத்தில் நினைவிடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கடற்கரைக்கு ஓடாதீர்கள். ஏற விரும்பினால் இன்னொரு நாள் விடியவே வாருங்கள், பாதிவரை அகலமான பாதை, அதற்கு மேல் கையையும் ஊன்றி ஏற வேண்டும், அந்தப் பகுதிக்கு வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். கடலுக்கு அடியில் அருவி விழுகிற மாதிரி ஒரு படம் எல்லாருக்கும் வந்திருக்கும், அது இந்த மலைக்கு முன்னால் எடுத்தது. உண்மையில் அருவி இல்லை, மணல் ஆழத்துக்குச் சரிகிற தோற்றம். ஹெலிகொப்டரில் இருந்துதான் அப்படித் தெரியும், கரையில் நின்று தேடி ஏமாற வேண்டாம்.

நாலாம் நாள் தெற்கு, அல்லது இன்னொரு மலை

தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலிபோல் நிற்பதால்தான் கரையில் அலை இல்லை. தெற்கில் கிரி கிரி என்ற இடத்தில் அந்த வேலி விட்டுப் போயிருக்கிறது, கடல் நேராகக் கறுப்புப் பாறையில் வந்து மோதும். குளிக்க இறங்கவே கூடாது, பார்க்க மட்டும். பக்கத்தில் ரொச்செஸ்டர் அருவி. உயரம் பத்து மீற்றர்தான், ஆனால் பாறை சீவி அடுக்கிய தூண்கள்போல் நிமிர்ந்து நிற்கும், குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்து அந்த வடிவத்துக்கு வந்தது.

இளம் ஆட்கள் தெற்கை விட்டுவிட்டு லெ பூஸ் மலை ஏறலாம், 812 மீற்றர், பெயரின் அர்த்தம் பெருவிரல். 1836இல் சார்ள்ஸ் டார்வின் ஏறிய மலை. கரும்புத் தோட்டத்தில் தொடங்குகிறது, போய்வர இரண்டு மூன்று மணித்தியாலம், உச்சியில் நின்றால் போர்ட் லூயிஸ் துறைமுகம் காலுக்குக் கீழே.

ஐந்தாம் நாள்: போர்ட் லூயிஸ்

நகரத்தில் பார்க்கப் பல இருக்கின்றன, நான் மூன்றைச் சொல்கிறேன். துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் முதலாவது. 1834 முதல் 1920 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவில் இருந்து ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரைக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலானவர்கள் கால் வைத்த இடம் இந்த இறங்குதுறை. கறுப்புக் கல்லில் பதினாறு படிகள். அதே காலத்தில்தான் எங்கள் மலையகத்துக்கும் மன்னார்க் கரையில் இறக்கி நடத்திக்கொண்டு போனார்கள். அம்மா படியின் அருகில் கனநேரம் நின்றா, ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டாவது சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில், உள்ளூரில் கைலாசம் என்றால் காட்டுவார்கள். கூலிகளுக்கு நூறு ஆண்டுகள் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்தில் இருந்து கல்வேலை, தச்சுவேலை ஆட்களாகத் தமிழர் வந்துவிட்டார்கள். இன்று அவர்களில் பலர் வீட்டில் கிரியோல்தான் கதைக்கிறார்கள், தேவாரம் மட்டும் தமிழில் வருகிறது. தமிழ் தெரியாதா என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். வணக்கம் என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்து வணக்கம் சொல்வார்கள். தைப்பூசக் காவடி அங்கே அரச விடுமுறை. குவாத்ர் போர்னில் மலைச்சரிவில் முருகன் கோயில் ஒன்று உண்டு, படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஊர் முழுவதும் கீழே தெரியும்.

மூன்றாவது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், டோடோவின் எலும்புக்கூட்டுக்காக. பறக்கத் தெரியாத, மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாத பறவை, ஒல்லாந்தர் வந்து நூறு ஆண்டுகளுக்குள் இல்லாமல் போய்விட்டது.

சாப்பாடு

சந்தையில் தால் பூரி கட்டாயம். கடலைப்பருப்பை அரைத்து உள்ளே வைத்துத் தட்டிய மெல்லிய ரொட்டி, இரண்டு இரண்டாகத்தான் தருவார்கள், உள்ளே போஞ்சி விதைக் கறியும் தக்காளிக் குழம்பும் சட்னியும் வைத்துச் சுருட்டிக் கடதாசியில். காத்தோ பிமான் என்று விற்பது எங்கள் பருப்பு வடையின் தங்கச்சி, ஒரு வாயளவு, பாணுக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். உறைப்புப் போதாது என்று சொல்வீர்கள், பிமான் என்று கேட்டால் அரைத்த மிளகாய் தனியாகத் தருவார்கள், அது உண்மையாகவே உறைக்கும். தமிழர் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் வாழையிலையில் ஏழு கறி போட்டு ரசத்தோடு பரிமாறுவார்கள், சில சாப்பாட்டுக் கடைகளிலும் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

கடல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தென்கிழக்கில் புளூ பேயில் கண்ணாடி அடி வைத்த படகில் ஏறிப் பவளத்தைப் பாருங்கள். தண்ணீருக்குள் இறங்கும்போது இறப்பர்ச் சப்பாத்துப் போடுங்கள், கல்லோடு கல்லாகக் கிடக்கிற கல்மீனின் முள் பொல்லாதது. சங்கும் பவளமும் எடுத்துவரச் சட்டம் விடாது.

பாரிசில் இருந்து சொந்தக்காரர் வந்து உங்களோடு சேர்ந்துகொள்வதென்றால் அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பக்கத்துத் தீவு ரியூனியன், பிரான்சின் பகுதி, விமானத்தில் முக்கால் மணித்தியாலம், அங்கே எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. மொரீசியஸை உண்டாக்கிய அதே நெருப்புத்தான், நிலத்தட்டு நகர்ந்துவிட்டதால் இப்போது ரியூனியனுக்கு அடியில் எரிகிறது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அதே நெருப்பு இந்தியாவுக்கு அடியில் இருந்து தக்காணத்தை எரிமலைக் குழம்பால் மூடியது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நேராகப் போகலாம், இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தனியாக விசா கேட்க வேண்டும்.

கடைசி நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் நல்லது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மகேபூரில் அன்று பெரிய சந்தை. அதே ஊரில் 1870 முதல் மரவள்ளிக் கிழங்கில் பிஸ்கட் சுடுகிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். காய்ந்த கரும்புச் சோகையை எரித்துத் தட்டைச் சூடாக்கி, கையால் அச்சில் மாவைப் பரப்பித் திருப்பிப் போடுகிறார்கள். நாங்கள் நாலு பைக்கற்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பிளேன்ரியோடு தொட்டு ஒரு கிழமையில் முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லையே என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறா. பத்தாக வாங்குங்கள்.